மேகமலை பஸ்ஸுக்கு ஒரு ஹெட்போன்

தேனியில் பஸ் ஏறும்போது என் பையில் மூன்று ஹெட்போன் இருந்தன. எனக்குப் பாட்டுக் கேட்கும் பழக்கம் இல்லை. போனில் பேசுவதே குறைவு.

என் மனைவிக்காக வாங்கினது. பெயர் சகாயமேரி. அவளுக்கு ஒற்றைத் தலைவலி. சத்தம் ஆகாது, அதிலும் பஸ் எஞ்சின் சத்தம் சுத்தமாக ஆகாது. ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண்ணைச் சுருக்குவாள். அப்புறம் வாந்தி. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலை அடைத்துவிட்டு இருட்டில் கிடப்பாள். மாத்திரை ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. எங்கள் அனுமந்தன்பட்டியை விட்டு அவள் பஸ்ஸில் வெளியே போய் வெகுநாள் ஆகிவிட்டது. உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குக்கூட வெயிலுக்கு முன்னால் நடந்துதான் போவாள்.

அவள் தங்கச்சி லூர்து மேகமலையில் இருக்கிறாள். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் வேலை, வரிசையாகக் கட்டின லைன் வீடு. கல்யாணம் ஆகி ரொம்ப வருசம் பிள்ளை இல்லை. இப்போதுதான் ஒரு பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அக்காதான் ஞானத்தாயாக நின்று பிள்ளையை ஏந்த வேண்டும் என்று லூர்து போனில் சொன்னாள். பக்கத்தில் அவள் மாமியார் இருந்தது. அதுவும் பேசியது.

"ஒங்க அக்கா மலையேறி வரவா போகுது. எம் மகள நிப்பாட்டிருவோம்."

எங்கள் போன் ஸ்பீக்கரில் இருந்தது.  சகாயமேரி அன்றைக்குக் களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள்.

மச்சினன் அந்தோணி தேனியில் போன் கடை வைத்திருக்கிறான். அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் மூன்று பெட்டியை எடுத்துப் போட்டான்.

"மாமா, இது பாட்டுக்கு மட்டும் இல்ல. இந்தப் பட்டனை அமுக்குனா வெளியில உள்ள சத்தத்தைக் குடிச்சிரும். மூணையும் பஸ்ல போட்டுப் பாருங்க. அக்காவுக்கு ஆகுறதை வச்சுக்கங்க. மத்ததைக் கீறல் படாமக் கொண்டாங்க."

சார்ஜ் போடுவது, பட்டன், விளக்கு எரிவது எல்லாம் சொல்லிக்கொடுத்தான். நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஒன்றை அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கிறவன். மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு பந்தலுக்கு அடியில் குனிந்தே நடக்க வேண்டும். எஞ்சின் காதுக்குப் பின்னாலேயே கத்தும். இடது காது இப்போது பாதிதான். வலது கொஞ்சம் தேவலை.

பஸ் ஸ்டாண்டு வாசலில் புரோட்டா சாப்பிட்டேன். சால்னா நன்றாக இருந்தது. மனசு அதில் நிற்கவில்லை. பாதி வைத்துவிட்டு ஓடிப் போய் கம்பம் பஸ்ஸில் ஏறினேன்.

முதலில் எடுத்தது பெரிய கறுப்பு. காதையே முழுசாக மூடும். உள்ளே பஞ்சு. கொஞ்சம் கனம். மாட்டிக்கொண்டு வயலைப் பார்த்து உட்கார்ந்தேன். சீலையம்பட்டி தாண்டியதும் பட்டன் ஞாபகம் வந்தது. அமுக்கினேன்.

எஞ்சின் நின்றுவிட்டது.

மெஷினோடு கிடந்த உடம்பு இது. எஞ்சின் சத்தம் நின்றால் வண்டி நின்றது என்றுதான் அதற்குத் தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். படிக்கட்டில் ஒரு கால் வைத்தேன். யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் கண்டக்டர். வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றினேன்.

"ஓடுற வண்டியில எங்கய்யா எறங்குற? காதுல என்னத்த மாட்டிருக்க, சட்டியவா?"

படிக்கட்டுக்குக் கீழே ரோடு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் கம்பியை எட்டிப் பிடித்தேன்.

"அண்ணனுக்கு வயக்காட்டுலயே ஊரு வந்திருச்சு போல" என்றான் பக்கத்து சீட்டுக்காரன். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் போய் உட்கார்ந்து மறுபடி மாட்டிக்கொண்டேன். பார்த்துத்தானே ஆக வேண்டும்.

சத்தம் இல்லாமல் வாழைத்தோப்பு ஓடுகிறது, லாரி ஓடுகிறது. ஆட்கள் வாயைத் திறந்து மூடுகிறார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலை ஆட்டிக்கொண்டே வந்தேன். அனுமந்தன்பட்டி வந்ததும் கண்டக்டர் கத்தியிருக்கிறார். கேட்கவில்லை. புதுப்பட்டியில்தான் என்னை இறக்கிவிட்டார். அங்கிருந்து நடந்தேன். காதெல்லாம் வியர்வை.

நடக்கும்போது கணக்குப் போட்டேன். கறுப்பு எஞ்சினையும் அடைக்கும், ஆள் குரலையும் அடைக்கும். கனமும் வியர்வையும்தான் குறை. மலையில் குளிர்தானே, வியர்க்காது.

மறுநாள் குமுளிக்குப் போனேன். பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் ஞானத்தாய்தான் எடுத்துப் போட வேண்டும். இங்கேயும் கிடைக்கும். குமுளியில் கிடைக்கிற மாதிரி இருக்காது. மலை ரோட்டில் மற்ற இரண்டையும் பார்த்தது போலவும் ஆகும்.

கம்பத்தில் பஸ் வரவில்லை. ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்பில் ஒரு இடம் இருந்தது. பின்னால் நெருக்கி உட்கார்ந்தேன். எல்லார் மடியிலும் தூக்குச்சட்டி. இரண்டாவது ஹெட்போன் நீலம். சின்னது. காதை மூடாது, காது மேல் உட்கார்ந்து அழுத்தும். பட்டனை அமுக்கினேன். ஜீப் இரைச்சல் பாதி குறைந்தது. குறைந்ததும் பெண்கள் பேச்சு தெளிவாக வந்துவிட்டது. முன்பு இரைச்சலில் மூழ்கிக் கிடந்த பேச்சு அது.

"இந்தாளு யாருடி? புதுசா இருக்கு."

"காதுல மாட்டிருக்கு. ஒண்ணும் கேக்காது. நீ பேசு."

"இந்த வயசுல பாட்டு கேக்குதாக்கும்."

"வீட்டுல பொண்டாட்டி வைவா. அதான் காலையிலயே அடைச்சுக்கிட்டு வந்துட்டாக."

"மொகத்தப் பாரு. சிரிச்சு வருசக்கணக்கு ஆயிருக்கும்."

நான் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். குமுளியில் இறங்கிய பிறகு திரும்பி, "எம் பொண்டாட்டி வையமாட்டா ஆத்தா" என்றேன். ஜீப் கிளம்பியது. அப்புறம் வளைவு திரும்புகிற வரை அவர்கள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நீலம் ஆகாது என்று அங்கேயே முடிவு செய்தேன். இரைச்சல் பாதி வருகிறது, பேச்சு முழுசாக வருகிறது. காது மடல் வேறு வலித்தது.

செக்போஸ்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் வேறு மாநிலம். டீ நிறமே மாறிவிடும். பால் ஊற்றாத கட்டன் சாயாவும் புட்டும் கடலையும் சாப்பிட்டேன். நம் ஊரில் இட்லி ஆறிப்போனால் சூடாகக் கேட்டு வாங்குவோம். அங்கே புட்டு குழாயிலிருந்து நேராக இலைக்கு வருகிறது, வாய் வெந்தது. கடைக்காரர் என் கழுத்தில் கிடந்த நீலத்தைக் காட்டி, கழுத்தில் அடிபட்டதா என்று மலையாளத்தில் கேட்டார். இல்லை என்றேன். பார்த்துக்கொள்ளுங்கள், மலை ரோடு மோசம் என்றார். ஆமாம் என்றேன்.

துணிக்கடையில் ஒரு அம்மா. பிள்ளைக்கு எத்தனை மாதம், உடம்பு எப்படி, யார் ஏந்துகிறார்கள் என்று கேட்டது. என் மனைவி என்றேன். அவள் ஏன் வரவில்லை, பிள்ளையை ஏந்துகிறவள்தானே கவுனைத் தொட்டுப் பார்த்து எடுக்க வேண்டும் என்றது. நான் தொங்கிய கவுன்களைப் பார்த்தேன். அது என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு கேட்கவில்லை. நல்லதாக ஒன்றை எடுத்து, கசங்காமல் அட்டையில் வைத்து மடித்துக் கொடுத்தது.

திரும்பும்போது பஸ் கிடைத்தது. மூன்றாவது ஹெட்போனுக்குத் தலையில் மாட்டும் பட்டியே கிடையாது. வெள்ளையாக இரண்டு பொட்டு. காதுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். கனம் இல்லை, வியர்வை இல்லை. சத்தமும் நன்றாக அடைத்தது. இதுதான் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. ஒரு பொட்டு தெறித்து முன் சீட்டு அம்மாவின் பூக்கூடைக்குள் விழுந்தது. அது கூடைக்குள் கையை விட்டு எடுத்துப் பார்த்தது.

"யாரு கம்மலு இது? கல்லு இல்லாமக் கெடக்கு."

என்னுடையது என்றேன். அந்த அம்மா என் காதைப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவளையும் பார்க்கச் சொன்னது.

குமுளி ரோட்டிலேயே நிற்காதது மேகமலை ரோட்டில் நிற்காது. ஆக, கறுப்புதான். வீட்டுக்கு வரும்வரை அதைத்தான் நினைத்தேன். ஒரு வேலை முடிந்த மாதிரி இருந்தது.

முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சகாயமேரியை உட்காரவைத்துக் கறுப்பை மாட்டினேன். கொண்டையில் இடித்துக்கொண்டு நின்றது. கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டாள். மறுபடி மாட்டினேன். உடனே கழற்றிவிட்டாள்.

"திருகாணி குத்துது."

அவள் காதில் கல்யாணத் தோடு. அகலமானது. பின்னால் திருகாணி நீளம். ஹெட்போன் மூடி அதன் மேல் அழுத்தி, அதைக் காதுக்குப் பின்னால் எலும்பில் குத்தவைக்கிறது. அதோடு மூடியும் சரியாகப் படியவில்லை. ஒரு பக்கம் இடைவெளி. அப்படியே வைத்து மிக்ஸியை ஓட்டிப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கினாள். நிறுத்தினேன். இரண்டு நாள் பஸ்ஸிலும் ஜீப்பிலும் அலைந்தேன். தோடு என் புத்தியில் வரவே இல்லை. என் காதில் ஒன்றும் இல்லை, அதனால் வரவில்லை.

"தோட்டைக் கழத்திரு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"வெறுங்காதோடயா? லூர்து மாமியா வாசல்லயே நிக்கும். தோட்டை அடகு வச்சிட்டு வந்திருக்காகன்னு லைன் பூராம் சொல்லிப்புடும்."

நியாயம்தான். எங்கள் பக்கம் பெண்டுகள் வீட்டுக்கு வந்தால் முதலில் காதைத்தான் பார்ப்பார்கள். அப்புறம்தான் வாங்க என்பார்கள்.

"மேல போயி போட்டுக்க. லைனுக்கு முன்னாடியே போட்டுக்கிருவோம்."

 தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள்.

கல்யாணத்தன்று போட்டது. அதற்குப் பிறகு கழற்றியதில்லை. திருகாணி இறுகிப் போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். மருந்து மெஷினின் முனையைக் கழற்றுகிற சின்னக் குறடு இருக்கிறது. அதில் துணி சுற்றித் திருகினேன். இடது வந்துவிட்டது. வலது வரவில்லை. காது சிவந்துவிட்டது. வலிக்குதா என்றேன். ம் என்றாள். விட்டுவிடலாமா என்றேன். வேண்டாம் என்றாள். கடைசியில் அதுவும் வந்தது.

தோடு இல்லாமல் அவள் காது யாருடையதோ மாதிரி இருந்தது. இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து ஜாக்கெட்டுக்குள் ஊக்குப் போட்டு வைத்தாள். நான் கறுப்பை மாட்டிப் பட்டனை அமுக்கிவிட்டு மிக்ஸியை ஓட்டினேன். அவள் மிக்ஸியையே பார்த்தாள்.

"ஓடுதா?" என்றாள்.

"ஓடுது" என்றேன். தலையாட்டினாள். என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் அதைக் கழற்றிக் கழற்றிப் பேச முடியாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். அவள் என் முழங்காலில் ஒரு தடவை தட்டினால் நன்றாக இருக்கிறாள். இரண்டு தடவை தட்டினால் தலைவலி வருகிறது, இறங்கிவிட வேண்டும்.

சனிக்கிழமை சின்னமனூர் வரைக்கும் ஒரு தட்டுதான். அதுவே பெரிசு. அங்கே நான் பணியாரம் வாங்கினேன். அவள் வெறும் வயிற்றோடு வந்தாள், கையில் எலுமிச்சம்பழம். நானும் தின்னாமல் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மலை பஸ்ஸில் எஞ்சினுக்குத் தள்ளி நடுவில் உட்கார்ந்தோம். கண்டக்டர் வந்தான், சின்ன வயசு.

"என்னக்கா, பிளேன் ஓட்டப் போறீகளா?"

தலைவலி என்று நான் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. முன்னால் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னான். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"ஆரன் அடிக்காம முடியாதுண்ணே. வளைவுல எதுர யானையே நிக்கும். தங்கச்சிய அனுசரிச்சுக்கிறச் சொல்லுங்க."

வனத்துறை செக்போஸ்ட் தாண்டியதும் ஏற்றம். வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பூப் பெயர் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். நான் பூவைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன். கண் சுருங்குகிறதா, உதடு வெளுக்கிறதா என்று பார்த்தேன். 

நான் பேசுகிற ஆள் இல்லை. தோட்டத்தில் மெஷின் சத்தத்துக்கு மேல் பேச முடியாது. வீட்டிலும் அப்படியே பழகிவிட்டது. அன்றைக்கு என்னவோ வாய் நிற்கவில்லை. அவளுக்குக் கேட்காது என்ற தைரியமாக இருக்கலாம். முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு என் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தேன். இந்தா வந்திருச்சு, இன்னும் கொஞ்சம்தான், தாங்கிக்க என்றேன். கீழே நம் பக்கத்துப் பந்தல் எல்லாம் தெரியுது பாரு என்றேன். கவுன் வாங்கின கடையில் அந்த அம்மா உன்னைக் கேட்டது, எனக்குச் சொல்ல வாய் வரவில்லை என்றேன். எதிர் சீட்டில் ஒரு ஆள் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாதி மலை தாண்டி ஒரு வளைவில் எதிரே லாரி. எங்கள் பஸ் பின்னால் வந்து, முன்னால் போய், மறுபடி பின்னால் வந்தது. இரண்டு வண்டியும் ஆரன் அடித்தன. முழங்காலில் கை விழுந்தது. ஒரு தடவை. உடனே இன்னொரு தடவை.

நான் எழுந்துவிட்டேன். கண்டக்டரைக் கூப்பிட வாயெடுத்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"போதும், எறங்கிருவோம். யாரு வேணாலும் பிள்ளையத் தூக்கட்டும். நீ படுத்துட்டேன்னா வீட்டுல ஒரு சத்தம் இல்ல. பாத்திரம் உருள்ற சத்தம்கூட இல்ல. எஞ்சின் கத்துனாத் தாங்கிருவேன். அது எனக்கு ஆகல."

லாரி ஒதுங்கியது. பஸ் ஏறியது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் முழங்காலில் ஒரு தடவை தட்டினாள். வலி தானாக விட்டுவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. பேசினால் வலி திரும்பிவிடுமோ என்று பயம்.

மேலே இறங்கியதும் குளிர் முகத்தில் அடித்தது. தேயிலையைத் தவிர ஒன்றும் இல்லை. கீழே எங்கள் ஊரில் எந்நேரமும் ஒரு மோட்டார் ஓடும், ஒரு லாரி போகும். அங்கே ஒன்றும் ஓடவில்லை. அவள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அப்புறம் கைக்குட்டையை எடுத்தாள். லைன் வீடு தெரியாத இடமாகப் பார்த்து ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று தோட்டை மாட்டிவிட்டேன். இந்தத் தடவை திருகாணி எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போனது.

லூர்து மாமியார் வாசலில்தான் நின்றது. முதலில் காதில் தோடு இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. அப்புறம் கழுத்தில் கிடந்ததைப் பார்த்தது.

"வாங்க, வாங்க. இது என்ன புதுசா? அட்டியலா?"

"பஸ்ஸுக்குப் போடுறது" என்றாள் சகாயமேரி.  லூர்து உள்ளேயிருந்து ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை உள்ளே அழுதது. அந்தச் சத்தத்துக்கு அவள் கண்ணைச் சுருக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் கோவிலில் அவள்தான் ஏந்தினாள். ஃபாதர் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளை கத்தியது. கவுன் கொஞ்சம் பெரிசு. கால் தெரியவில்லை. அந்த மாமியாரின் மகள் பக்கத்தில் நின்று மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் திரும்பும் பஸ். மரத்துக்குப் பின்னால் போய்த் தோட்டைக் கழற்றினோம். பஸ்ஸில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டப் போனவள் நிறுத்தினாள்.

"இதுல எஞ்சின் சத்தம் சுத்தமா இல்ல. அடங்கிருது."

"அதான பாத்து வாங்குனேன்."

"நீங்க பேசுனது பூராம் கேட்டுச்சு."

எனக்கு விளங்கவில்லை. தேனி பஸ்ஸில் கண்டக்டர் கத்தியதே கேட்கவில்லையே. அதைச் சொன்னேன்.

"ஒங்க காதுக்குக் கேக்காது" என்றாள். மாட்டிக்கொண்டு பட்டனை அமுக்கினாள்.

பஸ் கிளம்பியது. நான் வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தேன். மூன்று ஹெட்போனை அலைந்து பார்த்து எடுத்தேன். எல்லாம் என் காதை வைத்துப் பார்த்தது. மலையில் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். முகம் சுட்டது. முதல் வளைவு போனது. இரண்டாவது போனது. பலகையில் இருந்த பூப் பெயரை வாசித்தேன்.

முழங்காலில் கை விழுந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. எழப் போனேன். மூன்றாவது தடவையும் தட்டினாள்.

மூன்றுக்கு நாங்கள் ஒன்றும் பேசிவைக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வெளுக்கவில்லை. நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசச் சொல்கிறாள் போல. நாளைக்கு எந்தப் பந்தலில் மருந்தடிக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. அதிலிருந்து ஆரம்பித்தேன். எந்த மருந்து, எவ்வளவு தண்ணீர், மழை வந்தால் என்ன செய்வது என்று சின்னமனூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.